பனியைப் பார்ப்பவர்களும் பனியில் நிற்பவர்களும்

(வடமதுரை வட்டார ஆசிரியர்களுக்கான கலந்துரையாடல் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனி என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? யாரும் எழுந்து சொல்ல வேண்டாம், மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதும். வண்டியில் வரும்போது மப்ளரை இழுத்துக் கட்டியது சிலருக்கு நினைவுக்கு வந்திருக்கும். சிலருக்கு முட்டிவலி. வீட்டில் இருமும் குழந்தை, விடியற்காலையில் பால் வாங்கப் போகும் வயதான அப்பா, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். மொத்தத்தில் பனி நமக்கு ஒரு தொந்தரவு.

இதே கேள்வியை ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "வாயில புகை வரும் சார்" என்று ஒருவன் ஊதிக் காட்டுவான். சிலந்தி வலையில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதை ஒருத்தி சொல்வாள். பேருந்துக் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதியது, தெருமுனையில் சருகைக் கூட்டிக் கொளுத்திக் குளிர்காய்ந்தது, பஜனைக்குப் போய் வெண்பொங்கல் வாங்கியது என்று கைகள் உயர்ந்துகொண்டே இருக்கும். நமது பகுதியிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இவை எல்லாவற்றையும் செய்தவர்கள்தான். நானும் செய்திருக்கிறேன். சோளத்தட்டையை வாயில் வைத்து, பெரியவர்கள் சுருட்டுப் பிடிப்பது போலப் பனிப்புகை விட்டதற்கு முதுகில் அடி வாங்கியவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள்.

அப்படியானால் அந்தக் குழந்தை எப்போது, எப்படி இந்தப் பெரியவராக மாறியது? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதைத்தான். வெறும் மலரும் நினைவுகளாக இதைப் பேசவில்லை. நம் வகுப்பறையில் இன்று உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளின் நிலை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வானத்திலிருந்து பஞ்சுபோல உதிரும் வெண்பனி, மலையில் புல்மேல் படியும் உறைபனி, சாலையை மறைக்கும் மூடுபனி, இலை நுனியில் நிற்கும் பனித்துளி ஆகிய அனைத்தையும் நாம் பனி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பாடப்புத்தகத்தில் துருவப் பகுதியின் பனியைப் படிக்கும் நம் பிள்ளை அதைத் தன் வாசலில் கோலத்தை நனைக்கும் பனியோடுதான் சேர்த்துப் புரிந்துகொள்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. வெண்பனியையே பார்த்திராத இந்தச் சமவெளிகளிலும் பனி எப்போதும் பெரிய விஷயமாகவே இருந்திருக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்த நம் முன்னோர் அவற்றில் இரண்டைப் பனிக்கே கொடுத்துவிட்டார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி.

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை நீங்கள் அறிவீர்கள். அதில் குளிர்காலத்தை நக்கீரர் எங்கிருந்து தொடங்குகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அரண்மனை பின்னால்தான் வருகிறது. முதலில் வருபவர்கள் மாடு மேய்க்கும் கோவலர்கள். வெள்ளத்துக்குப் பயந்து மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போய், நெருப்பு மூட்டிக் கைகளைக் காய்ச்சிக்கொண்டு நடுங்குகிறவர்கள். அடுத்து, மேய்ச்சலை மறந்த விலங்குகளும் நடுங்கும் குரங்குகளும் வருகின்றன. ஊரும் மாளிகையும் அதன் பிறகுதான். குளிர் முதலில் யார்மேல் விழுகிறதோ அவர்களை அவர் முதலில் வைத்திருக்கிறார். இந்த வரிசையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வகுப்பறைக்கு வரும்போது இது தேவைப்படும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் அது பள்ளத்தில் வந்து தேங்கும். ஏரியை ஒட்டிய தாழ்வான புல்வெளிகள் வெளுத்துப்போவது இதனால்தான். கீழேயிருந்து பேருந்தில் போகும் நம் பிள்ளைகள் அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்துத் துள்ளுகிறார்கள். அதே காலையில் உருளைக்கிழங்கு, கேரட் போட்டிருக்கும் விவசாயி தன் வயலுக்குப் போய் இலைகள் கருகியிருக்கின்றனவா என்று பார்க்கிறார். நீலகிரியில் இளம் தேயிலைச் செடிகளை வைத்திருப்பவர்கள் பனி விழுவதற்கு முன்பே அவற்றைத் தழையால் மூடிவைக்கிறார்கள். பார்க்க வந்தவர் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பயிர் வைத்தவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சமவெளியிலும் இதே கதைதான். நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் தை மாதத்து மூடுபனி அழகாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "பூ நிக்குமா, கருகுமா?" என்ற கவலையைத்தான் அவர் சொல்வார். அய்யலூர் பக்கம் தக்காளி போட்டவருக்கு இலையில் ஈரம் காயாமல் நின்றால் கருகல் நோய் வருமே என்ற பயம். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தாய்மாருக்கும், பழநிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் சாலையோரம் நடக்கும் நேரத்தில் லாரி ஓட்டி வரும் ஓட்டுநருக்கும் பனி என்றால் எதிரே வருவது தெரியாத சாலை. 1 கிலோமீட்டருக்குக் குறைவாகவே கண்ணுக்குத் தெரியும் நிலையைத்தான் வானிலையாளர்கள் மூடுபனி என்கிறார்கள். சில காலைகளில் நம் நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிகிறது.

உண்மையான வெண்பனி கொட்டும் நாட்டிலும் இப்படித்தான். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போன தமிழர்கள் ஏராளம். அங்கே பனி கொட்டிப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோருக்கோ கையில் மண்வெட்டி. பல நகரங்களில் வீட்டு முன் நடைபாதையில் கிடக்கும் பனியைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் அள்ளி அகற்றுவது வீட்டுக்காரரின் கடமை, தவறினால் அபராதம். 1999 ஜனவரியில் டொரண்டோ நகரத்தில் பனி குவிந்தபோது, அதைச் சமாளிக்க நகர மேயர் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். ஒரே பனிதான், சன்னலுக்கு உள்ளே நிற்கும் குழந்தைக்கு விளையாட்டாகவும் வெளியே நிற்கும் அப்பாவுக்கு வேலையாகவும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பனியைப் பற்றிய உணர்வு மாறுவதற்கு வயது நேரடிக் காரணமில்லை. பனியினால் வரும் நட்டத்துக்கோ வேலைக்கோ ஒருவர் பொறுப்பாளி ஆகும் நாளில் அது மாறுகிறது. நமக்கெல்லாம் அது இருபது, இருபத்தைந்து வயதில் நடந்தது. அதனால் வயதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டோம்.

எல்லாருக்கும் அது இருபது வயதில் நடப்பதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

ஏழாம் வகுப்பில் பனிக்காலம் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். நான் அறிவியல் ஆசிரியர். நீர்ச்சுழற்சி பாடத்துக்கு முன்னோட்டமாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். எல்லாரும் நாம் எதிர்பார்ப்பதையே எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் நான்கு வரி எழுதியிருந்தாள். பனி பிடிக்காது என்பது முதல் வரி. விரல் மரத்துப்போவதால் மொட்டைக் கிள்ள வராது என்பது இரண்டாவது. ஈரப் பூ என்று விலையைக் குறைப்பார்கள் என்பது மூன்றாவது. வெயில் வந்தால் குளிர் போய்விடும், ஆனால் வெயில் வருவதற்குள் பறித்து முடிக்காவிட்டால் பூ வாடிவிடும் என்பது கடைசி வரி.

மல்லிகையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் விளைவதுதான். மொட்டாக இருக்கும்போதே, விடிவதற்கு முன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பறிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் கொட்டும் பூ, மார்கழியில் பெருமளவு குறைந்துவிடும். பொங்கலும் தை முகூர்த்தங்களும் சேர்ந்து கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும் நேரத்தில் செடியில் பூ இருக்காது. இருக்கும் கொஞ்சத்தை விடவும் முடியாது. அந்தக் கணக்கு முழுவதும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பனி விஷயத்தில் அவள் நம்மைப் போலப் பெரியவளாகிவிட்டாள். பக்கத்து இருக்கையில் அதே வயதுத் தோழி வாயில் புகைவிட்டு விளையாடுகிறாள்.

ஒரே வகுப்பில், ஒரே பிறந்த ஆண்டில், இரண்டு விதமான பிள்ளைகள். ஒரு பிள்ளை பனியைப் பார்க்கிறது, இன்னொரு பிள்ளை பனியில் நிற்கிறது. நம் கட்டுரைத் தலைப்புகள், ஓவியப் போட்டிகள், ஆண்டுவிழாப் பாடல்கள் எல்லாம் பார்க்கும் பிள்ளையை மனதில் வைத்தே அமைகின்றன. "பனிக்காலத்தின் அழகு" என்று தலைப்புக் கொடுத்தால் நிற்கும் பிள்ளை என்ன எழுதும்? மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து எழுதும், அல்லது நான்கு வரியோடு நிறுத்திக்கொள்ளும். நாமும் "எழுதும் திறன் குறைவு" என்று பதிந்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம்.

அந்த நான்கு வரியை நான் வகுப்பில் படித்துக் காட்டவில்லை. ஒரு குழந்தையின் வீட்டு நிலையை நாற்பது பேர் முன்னால் வைக்க நமக்கு உரிமை இல்லை. அதற்குப் பதில் ஒரு சின்னச் சோதனை செய்தோம். ஒரே மாதிரியான எவர்சில்வர் தட்டுகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றை வெட்டவெளியிலும் மற்றொன்றை அடர்ந்த வேப்பமரத்தின் அடியிலும் இரவில் வைத்துவிட்டு, விடிந்ததும் பார்த்து வரச் சொன்னேன். வீட்டில் மரம் இருக்கும் பிள்ளைகள் செய்தார்கள். மறுநாள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: வெட்டவெளித் தட்டு நனைந்திருந்தது, மரத்தடித் தட்டில் ஈரமே இல்லை அல்லது லேசாக இருந்தது.

"மரம் குடைபோல மறைத்துவிட்டது, பனி மேலிருந்துதானே விழுகிறது" என்றான் ஒருவன். பெரும்பாலானவர்கள் தலையாட்டினார்கள். அப்போதுதான் அந்த மாணவி பேசினாள். "தோட்டத்தில் மரத்தடியில் இருக்கும் செடிகளில் ஈரம் குறைவாக இருக்கும். அதனால் அந்தப் பக்கம்தான் முதலில் பறிப்போம். மேகம் மூடிய ராத்திரிக்கு மறுநாள் எந்தப் பக்கமும் ஈரம் இருக்காது. மேகம் ரொம்ப உயரத்தில் இருக்கிறதே, அது எப்படிப் பனியை மறைக்கும்?"

நான் கேட்க நினைத்திருந்த கேள்வியை அவளே கேட்டுவிட்டாள். பனித்துளி மேலிருந்து விழுவதில்லை. பகலில் வெப்பத்தை வாங்கிக்கொண்ட தரையும் இலையும் தட்டும் இரவில் அதை வானத்தை நோக்கி வெளிவிட்டுக் குளிர்கின்றன. அப்படிக் குளிர்ந்த பரப்பைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அங்கேயே துளியாகிறது. தலைக்குமேல் மரக்கிளையோ மேகமோ இருந்தால் வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும், பரப்பு அவ்வளவாகக் குளிராது, துளியும் உருவாகாது. வாயில் வரும் புகையும் இதே கணக்குத்தான். நம் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த காற்றில் நுண்துளிகளாகிறது. விளையாட்டாகப் புகைவிட்ட தோழியும் விரல் மரத்துப் பூப்பறித்த இவளும் ஒரே விதியைத்தான் இரண்டு இடங்களில் சந்தித்திருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு வாரம் வகுப்பில் ஒரு பனி நாட்குறிப்பு எழுதினோம். தேதி, இரவு வானம் தெளிவா மேகமா, காற்று உண்டா, காலையில் புல்லில் ஈரம் எவ்வளவு, எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று ஐந்து கட்டங்கள், அவ்வளவுதான். அதில் அதிகம் தெரிந்தவள் அவள்தான். மற்ற பிள்ளைகள் அவளிடம் கேட்டு எழுதினார்கள். அவளுக்குப் பனி பிடித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது கதையாகிவிடும். குளிரும் வலியும் அப்படியே இருந்தன. ஆனால் பனியைப் பற்றிக் கேட்க அவளிடம் இப்போது கேள்விகள் இருந்தன.

மரத்தடியில் ஈரம் குறைவு என்பது அவள் எப்படிக் கற்றுக்கொண்ட பாடம் என்பதை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது. அந்த அறிவைப் பாராட்டுவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. இது நம் கடமையோடும் சட்டத்தோடும் தொடர்புடையது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்தின்படி, 14 வயது நிறைவடையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ படிப்புக் கெடாமல் உதவுவதற்கு விலக்கு உண்டு. சொந்தத் தோட்டத்தில் அம்மாவுக்குக் கைகொடுப்பது ஒன்று, கூலிக்குப் பூப்பறிக்க அனுப்பப்படுவது வேறொன்று. எது நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நாம் பெற்றோரிடம் போய்ப் பேச வேண்டும். குற்றவாளியை விசாரிப்பது போலக் கேட்டால் அடுத்த வாரம் பிள்ளை பள்ளிக்கே வராது. மரியாதையோடு, "பாப்பா காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்குது? தூங்க எவ்வளவு நேரம் கிடைக்குது?" என்று தொடங்கலாம். நம் பேச்சுக்கு மீறிய நிலை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பள்ளிக்குள் நாம் செய்யக்கூடிய எளிய காரியங்களும் உண்டு.

மார்கழி, தை மாதங்களில் தாமதமாக வரும் பிள்ளையிடம் "ஏன் லேட்?" என்று கேட்கும் முன், அதன் கையைப் பாருங்கள். விரல் நுனி வெடித்திருக்கிறதா, நனைந்த சட்டையோடு வந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். வழிபாட்டுக் கூட்டத்தை அந்த நாள்களில் வெயில் படும் பக்கம் நிற்கவைத்து நடத்தலாம். தரையில் உட்காரும் சின்ன வகுப்புகளில் சில்லென்ற தரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் பாய் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் குளிர்காற்றும் புகையும் மூச்சுத்திணறலைத் தூண்டும். அவர்கள் யார் யார் என்று வகுப்பாசிரியருக்கு டிசம்பருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தால், தோட்டத்திலிருந்து நேராக வரும் சின்னப் பிள்ளைகளுக்குச் சூடான உணவு கிடைக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அது கிடையாது. பசியோடு முதல் பாடவேளையில் தூங்கி விழுகிற பிள்ளை யார் என்று நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.

தலைப்புகளையும் மாற்றலாம். "பனிக்காலத்தின் அழகு" என்பதற்குப் பதில் "பனிக்காலத்தில் எங்கள் வீட்டின் அதிகாலை" என்று கொடுத்துப் பாருங்கள். பார்க்கும் பிள்ளைக்கும் நிற்கும் பிள்ளைக்கும் அதில் எழுத இடம் உண்டு. வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரவும் சொல்லலாம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வார்கள். பனியோடு அறுபது, எழுபது ஆண்டுகள் பழகியவர்களின் சொல் அது. எந்தக் காட்டில் கொள்ளு விதைத்தார்கள், மொச்சையும் அவரையும் பனியில் எப்படிக் காய்த்தன, கம்பளி இல்லாத காலத்தில் எதைப் போர்த்திக்கொண்டார்கள் என்றெல்லாம் அவர்கள் சொல்வார்கள். பனி கெடுதல் மட்டுமே செய்வதில்லை என்பதையும் அவர்களிடமிருந்தே பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக நமக்கும் ஒன்று. பனியைத் தொந்தரவாக மட்டுமே பார்க்கும் ஆசிரியர் பனியைப் பற்றி நடத்தும் பாடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மால் பத்து வயதுக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் வேண்டாம். முட்டிவலியும் விடைத்தாளும் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் வரும் மார்கழியில் ஏதேனும் ஓர் இரவு, வானம் தெளிவாக இருக்கும்போது, உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தட்டையும் வாசல் கூரைக்கு அடியில் ஒரு தட்டையும் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். பிறகு வகுப்புக்குப் போய், உங்களுக்கு முன்பே எழுந்து அந்த ஈரத்தைத் தொட்டுவிட்டு வந்த பிள்ளை யார் என்று தேடுங்கள். நெடுநல்வாடையில் கோவலர்கள் முதலில் வந்ததைப் போல, நம் வகுப்பின் பனிப்பாடத்தில் அந்தப் பிள்ளை முதலில் வரட்டும்.